உய்யக்கொண்டானும் ஊர்க்கடமையும்



நீர்நிலைகளுக்குத் தமிழர் இட்டு வழங்கிய பெயர்களை நோக்கின் ஓர் உண்மை புலப்படும். ஆற்றிலிருந்து கிளை பிரியும் இடம் தலை எனப்பட்டது. வாய்த்தலை எனவும் வழங்கிற்று. நீரைக் கொண்டு செலுத்தும் வழி வாய்க்கால். மதகில் நீர் புகுந்து வெளிப்படும் திறப்பு கண். தலையும் வாயும் கண்ணும் காலும் உடைய ஒன்றை உயிரற்ற பொருளெனக் கொள்ளுதல் அரிது. நீரோட்டத்தை ஓர் உடம்பாகக் கண்டு பழகிய மக்களின் மொழி இது. உடம்பெனின் அதற்கு நலம் உண்டு, நோயும் உண்டு, நோய்க்கு மருந்தும் உண்டு.

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில், பேட்டைவாய்த்தலை என்றோர் ஊர் உள்ளது. பெயரே அவ்வூரின் பணியைச் சொல்லிவிடும். அங்கேதான் உய்யக்கொண்டான் வாய்க்கால் காவிரியிலிருந்து பிரிகின்றது. உய்யக்கொண்டான் திருமலையைத் தொட்டு, புத்தூர், பாலக்கரை, வரகனேரி, அரியமங்கலம் வழியே சென்று, திருவெறும்பூருக்குக் கிழக்கே வாழவந்தான்கோட்டை ஏரியில் அது முடிகின்றது. தொடக்கத்தில் உய்தல், முடிவில் வாழ்தல். எழுபது கிலோமீட்டர் அளவிலான இந்நீர்வழியின் இரு முனைகளிலும் இவ்விரு வினைகளும் பெயர்களாக அமைந்து நிற்பது தற்செயலே எனினும் எண்ணி மகிழத்தக்கது.

இவ்வாய்க்கால் முதலாம் இராசராச சோழன் காலத்தது (985–1014) என்பது வழிவழி வரும் வழக்கு. உய்யக்கொண்டான் என்பது அம்மன்னனின் சிறப்புப் பெயர்களுள் ஒன்று. அப்பெயரால் ஒரு வளநாடும் விளங்கிற்று. முப்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்கு நீர் வழங்குவதற்கென அமைந்த வாய்க்கால் இது. ஆயிரம் ஆண்டுகளாக ஒரு நகரின் நடுவே ஓடி, நகருக்குக் கிழக்கேயுள்ள வயல்களை விளைவித்த நீர்வழிகள் உலகில் மிகப் பல அல்ல. பொன்மலையின் வடபுறத்தே அரியமங்கலத்தில் இதனைக் கடப்போர் இன்று காண்பது என்ன? காவிரி நீர் திறக்கப்படும் மாதங்களில் கலங்கல் நீர்; நீர் நிறுத்தப்படும் மாதங்களில் கரிய நீர். கோடையில் அங்கு ஓடுவது ஆற்றின் நீரன்று. ஊரின் கழிவே ஆறுபோல் ஓடுகின்றது. அதன்மேல் ஆகாயத்தாமரை படர்ந்து பசும்போர்வை போர்த்தியிருப்பதால், தொலைவிலிருந்து காண்போர்க்கு அது வளமெனவே தோன்றும்.

நீரின் எல்லை

வாய்க்காலின் நோயை அறிய அதன் கரையில் மட்டும் நின்று நோக்குதல் போதாது. மழைத்துளி விழுந்து, வழிந்து, ஓர் ஓடையில் ஒன்றுகூடும் நிலப்பரப்பு முழுவதையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பர். மாவட்ட எல்லையும் மாநகராட்சி எல்லையும் நிலப்படத்தில் மனிதர் வரைந்தவை. நீர்ப்பிடிப்பின் எல்லையை மேடும் பள்ளமும் வரைந்தன. மேட்டில் மரம் வெட்டப்பட்டால் பள்ளத்தில் மண் படியும். மேட்டில் ஓர் ஏரி தூர்ந்தால் பள்ளத்தில் ஒரு தெரு மூழ்கும்.

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. தெற்கேயுள்ள வறண்ட மேட்டு நிலங்களிலிருந்து வரும் கோரையாறு, நகரின் மேற்குப் பகுதியில் புத்தூர் ஆறுகண் என்னும் இடத்தில் உய்யக்கொண்டானைச் சந்திக்கின்றது. மிகுதி நீர் அங்கிருந்து குடமுருட்டி வழியாகக் காவிரியில் சேர்கின்றது. ஆண்டில் பல மாதங்கள் வறண்டு கிடக்கும் காட்டாறு ஆதலால் கோரையாற்றை நகர மக்கள் மறந்துவிடுவர். ஆனால் ஆறு தன் வழியை மறப்பதில்லை. 1977 நவம்பரிலும் 2005ஆம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளி வெள்ளத்தில் மூழ்கியபோது அவ்வுண்மை வீடு வீடாக வந்து கதவைத் தட்டியது. மேட்டு நிலத்து ஏரிகளும் குளங்களும் பெருமழையை ஏந்தி, நின்று, மெல்ல விடுவதற்கென அமைந்தவை. அவை தூர்ந்தும் அவற்றின் வரத்துக்கால்கள் அடைபட்டும் போன பின், பல நாள்களில் வரவேண்டிய நீர் ஓரிரவில் வந்து சேர்கின்றது. வெள்ளமும் வறட்சியும் இருவேறு பகைகள் என எண்ணுவோர் பலர். நீரைத் தாங்கும் நிலம் தன் ஆற்றலை இழந்தமையின் இரு விளைவுகளே அவை.

மேற்கே இன்னும் தொலைவில் நிகழ்வனவும் இவ்வூரைத் தீண்டாமல் விடுவதில்லை. காவிரியின் நீர்ப்பிடிப்பு ஏறத்தாழ 81,000 சதுரக் கிலோமீட்டர். கோவை மாவட்ட மலைகளில் தோன்றித் திருப்பூர் வழியே வரும் நொய்யல், கரூருக்கு மேற்கே காவிரியில் கலக்கின்றது. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் இறங்கியபோது, 1992இல் பாசனத்திற்கென்று கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறிற்று. வயல்கள் உப்புப் பூத்தன, கிணறுகள் கெட்டன. அவ்வுழவர்கள் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் என ஒன்றுகூடி நீதிமன்றம் சென்றனர். உச்ச நீதிமன்றம் வரை நடந்த அவ்வழக்கின் முடிவில், கழிவை முற்றிலும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பெருந்தொழில் ஒன்றின் முன் ஒரு சிற்றாற்றின் உழவர்கள் நின்று நிலைத்த வரலாறு அது. அவர்கள் காத்தது நொய்யலை மட்டுமன்று. கீழே காவிரி நீர் பருகும் ஊர்களையும் சேர்த்தே அவர்கள் காத்தனர்.

பழையன போற்றலும் எடைபோடலும்

நீர்காப்பைப் பற்றிப் பேசுவோர் பண்டைத் தமிழகத்தைச் சுட்டாமல் இருப்பதில்லை. அச்சுட்டலுக்குக் காரணமும் உண்டு. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரை புறநானூற்றின் 18ஆம் பாடலாக நிற்கின்றது. மறுமை இன்பமும் வெற்றியும் புகழும் வேண்டும் மன்னன் முதலில் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கட்டும் என்பது அதன் கருத்து. போரை வியந்து பாடும் ஒரு தொகையில், வேந்தனின் பெருமைக்கு நீர்நிலை அமைத்தலை ஒரு புலவர் அளவுகோலாக வைத்தது எளிய செயலன்று.

அமைத்தது மட்டுமன்றி, பேணும் முறையையும் பழந்தமிழகம் வகுத்திருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்திற்கு உறுப்பினரைக் குடவோலை வாயிலாகத் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. ஆறு பேர் கொண்ட வாரியம் அது. பதவிக்காலம் 360 நாள். முன்னர்ப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியவராகார். நீரைக் காப்பதற்கு மண்வெட்டியைப் போலவே கணக்கும் வேண்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தனர்.

ஆயினும் போற்றுதலோடு நின்றுவிடுதல் ஆய்வாகாது. அவ்வாரியத்தில் இடம்பெறுதற்கு நிலவுடைமையும் வேதக்கல்வியும் தகுதிகளாக விதிக்கப்பெற்றன. ஏரியின் சேற்றில் இறங்கி உழைத்தவர்க்கு அக்குடத்தில் ஓலை இல்லை; பெண்டிர்க்கும் இல்லை. குடிமராமத்து என்னும் முறையும் இத்தகைய இருமுகம் உடையது. குடிகள் கூடிச் செய்யும் மராமத்து என விரியும் அச்சொல்லில் கூட்டுறவின் இனிமை உண்டு. அதே வேளையில், உழைப்பு ஒரு சாராருக்கும் விளைச்சல் மற்றொரு சாராருக்கும் ஆகிய ஊர்களும் பல. 1858இல் சென்னை மாகாணத்திற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டுக் குடிமராமத்து சட்டத்தின் பிடிக்குள் கொணரப்பட்டபோது, ஊர் தானே செய்துவந்த கடமை அரசு வாங்கும் ஊழியமாக உருமாறிற்று. மனமுவந்து செய்த பணி அச்சத்தால் செய்யும் பணியாகும்போது அது நெடுநாள் நிலைப்பதில்லை.

அந்நூற்றாண்டில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையை எழுப்பினார். 1934இல் மேட்டூர் அணை நிறைவெய்தியது. டெல்டாவின் பயிர்களைக் காத்த பேரமைப்புகள் இவை. இவற்றின் பயனை மறுத்தல் நன்றிகொன்ற செயலாகும். எனினும் இவற்றோடு நீர் பற்றிய அறிவும் அதிகாரமும் ஊரைவிட்டுத் துறையின் கோப்புகளுக்குப் பெயர்ந்தன. எந்த நாளில் எந்தக் கண் திறக்க வேண்டும் என்பதை ஊரின் நீர்க்கட்டி அறிந்திருந்த நிலை மாறி, அணை திறக்கும் நாளைச் செய்தித்தாளில் பார்க்கும் நிலை வந்தது. அறிவு பெயர்ந்த இடத்திற்கே பொறுப்பும் பெயர்ந்தது. வாய்க்கால் அரசினுடையது என்ற எண்ணம் வேரூன்றியதும், அதில் குப்பை கொட்டுதல் பிறர் பொருளைக் கெடுத்தலாகவும் தோன்றவில்லை; தன் பொருளைக் கெடுத்தலாகவும் தோன்றவில்லை.

தமிழக அரசு 2017இல் குடிமராமத்து என்னும் பெயரை மீட்டெடுத்து, ஏரி குளங்களைத் தூர்வாரும் பணிகளை ஆயக்கட்டுதாரர் பங்கேற்புடன் தொடங்கியது. அப்பெயர் மீண்டும் வழக்கிற்கு வந்தது நன்று. ஆனால் ஒரு கோடையில் வண்டல் அள்ளப்படுவதால் நீர்நிலை பிழைத்துவிடாது. அடுத்த கோடையிலும் அதனை நினைப்பவர் இருத்தல் வேண்டும்.

ஆயக்கட்டுதாரர் யார்?

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. ஆயக்கட்டு என்பது ஒரு நீர்நிலையால் பாசனம் பெறும் நிலத்தைக் குறிக்கும். அந்நிலத்தை உடையவர் ஆயக்கட்டுதாரர். வாய்க்காலில் உரிமையும் அதன் பராமரிப்பில் கடமையும் அவர்க்கே என்பது மரபு. உய்யக்கொண்டானின் ஆயக்கட்டு நகருக்கு மேற்கிலும் கிழக்கிலும் உள்ளது. நடுவே நகரம் உள்ளது. நகரத்தார்க்கு வாய்க்காலில் ஒரு குழி நிலமும் இல்லை. ஆதலின் கடமையும் இல்லையென அவர்கள் கருதினர். ஆனால் வாய்க்காலைப் பயன்படுத்தாதவர் நகரத்தில் எவருமில்லை. வயலுக்கு நீர் எடுப்பவர் ஒரு வகையில் பயன்கொள்கின்றார். குளியலறை நீரையும் கழிப்பறை நீரையும் சாக்கடை வழியே அதற்குள் விடுபவர் மற்றொரு வகையில் பயன்கொள்கின்றார். முன்னவர் எடுக்கின்றார், பின்னவர் இடுகின்றார். எடுப்பவர்க்குக் கடமை உண்டெனின் இடுபவர்க்கு அதனினும் பெரிய கடமை உண்டு.

ஆகவே ஆயக்கட்டு என்னும் சொல்லின் பொருளை விரித்துக்கொள்ளுதல் இக்காலத்தின் தேவை. எந்தத் தெருவின் சாக்கடை எந்த வாய்க்காலில் விழுகின்றதோ, அந்தத் தெரு அந்த வாய்க்காலின் ஆயக்கட்டு. இவ்வரையறையை ஏற்பின், வரகனேரியிலும் அரியமங்கலத்திலும் பொன்மலைப்பட்டியிலும் மாடிவீட்டில் வாழ்பவரும் ஆயக்கட்டுதாரர் ஆவர். வாழவந்தான்கோட்டையில் நாற்று நடும் பெண்ணின் கால்களில் அரிப்பு ஏற்பட்டால், அதன் காரணத்தை நகரத்துக் குளியலறைகளிலும் தேட வேண்டியிருக்கும்.

அண்மை ஆண்டுகளில் சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் உய்யக்கொண்டான் கரையின் ஒரு பகுதி அழகுபடுத்தப்பட்டு நடைபாதை அமைக்கப்பட்டது. மக்கள் வாய்க்கால் பக்கம் முகம் திருப்புவதற்கு அது ஒரு வழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் கரை அழகு நீரின் நலமாகிவிடாது. நோயாளிக்குப் புத்தாடை உடுத்துதல் அன்பின் செயலே. மருத்துவம் அதற்குப் பின்னும் எஞ்சியிருக்கின்றது. கழிவுநீர் வாய்க்காலில் விழுமுன் பிரிக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படுதலே அம்மருத்துவம். புதைசாக்கடை இணைப்புக்கு வாய்ப்பிருந்தும் பழைய வழியிலேயே கழிவை விட்டுவரும் ஒவ்வொரு வீடும் அம்மருத்துவத்தைத் தள்ளிப்போடுகின்றது.

பொன்மலை கற்பிப்பது

இக்கருத்தைப் புரிந்துகொள்வதற்குப் பொன்மலையைவிடத் தக்க ஊர் வேறில்லை. நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய இரயில்வேயின் தொழிற்கூடம் 1920களின் பிற்பகுதியில் இங்கு மாற்றப்பட்டது முதல், பராமரிப்பே இவ்வூரின் பிழைப்பாயிற்று. இப்பணிமனைக்கு வரும் பெட்டியும் இழுபொறியும் பழுதுபட்ட பின்னரே வருவன அல்ல. குறித்த காலம் ஓடியதும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, முறைப் பராமரிப்புக்கு வருகின்றன. கழற்றப்படுகின்றன; தேய்ந்த உறுப்பு மாற்றப்படுகின்றது; சோதிக்கப்பட்டுக் கையொப்பத்துடன் வெளியேறுகின்றன. ஒரு சக்கரத்தின் விரிசலைக் கண்டும் காணாமல் விடுவது எத்தனை உயிர்களைப் பற்றியது என்பதை இங்குள்ள கடைநிலைத் தொழிலாளியும் அறிவார்.

நீர்வழிகளுக்கு இவ்வறிவு வாய்க்கவில்லை. வெள்ளம் வந்த பின் தூர்வாருகின்றனர்; கரை உடைந்த பின் மண்மூட்டை அடுக்குகின்றனர். 2018 ஆகத்து 22 அன்று முக்கொம்பில் கொள்ளிடத்துக் கதவணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்தன. அதே மாதத்தில், 1928 முதல் நின்ற பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. பின்னர் முக்கொம்பில் புதிய கதவணை கட்டப்பட்டது. எனினும் நிகழ்ச்சி தரும் பாடம் பழையதே. ஆற்றின் படுகையில் மணல் மிகுதியாக அள்ளப்படும் இடங்களில் தூண்களின் அடிநிலம் வலுவிழக்கும். படுகை தாழ்ந்தால் வாய்த்தலைகள் உயரத்தில் நின்றுவிட, ஆற்றில் நீர் ஓடியும் வாய்க்காலில் ஏறாது. பணிமனையில் ஒரு தேய்மானத்தை அளந்து குறித்து வைப்பது போல, ஆற்றின் தேய்மானத்தையும் ஆண்டுதோறும் அளந்து ஊர்க்கு அறிவிப்பார் இருப்பின் பல இழப்புகள் தவிரும்.

பொன்மலைக்கு மற்றொரு மரபும் உண்டு. 1946 செப்டம்பர் 5 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிரீந்த மண் இது. ஒன்றுகூடி நின்றால் கேட்கப்படுவோம் என்னும் நம்பிக்கை இவ்வூர்க்குப் புதிதன்று. ஊதியத்திற்கும் உரிமைக்கும் கூடத் தெரிந்த ஊர் ஒரு வாய்க்காலுக்கும் ஒரு மாவடிக்குளத்திற்கும் கூடாமல் இருக்கக் காரணமில்லை.

பிற நாட்டார் வழி

இவ்வாறு கூடி நீர்காத்த சான்றுகள் பிற நிலங்களிலும் உள. ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் வியாழக்கிழமை தோறும் நண்பகலில் பேராலய வாயிலில் நீர் மன்றம் கூடுகின்றது. உழவர்கள் தாமே தேர்ந்தெடுத்த நடுவர்கள் வாய்க்கால் வழக்குகளைக் கேட்கின்றனர். வழக்கறிஞர் வாதமின்றி வாய்மொழியாகவே விசாரணை நடந்து அங்கேயே தீர்ப்பும் கூறப்படும். பல நூற்றாண்டுகளாக நிகழும் இம்மன்றத்தை யுனெஸ்கோ 2009இல் மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அதன் ஆற்றல் அனைவரும் காணும் வாயிலில் அது கூடுவதில் உள்ளது.

இராசத்தான் மாநிலத்து ஆல்வார் மாவட்டத்தில், வறண்டுபோன ஆர்வரி ஆற்றின் நீர்ப்பிடிப்பில் 1980கள் முதல் ஊர் மக்கள் சிற்றணைகளையும் குட்டைகளையும் அமைத்தனர். நிலத்தடியில் நீர் ஊறி, ஆறு மீண்டும் ஓடத் தொடங்கிற்று. நீர் வந்ததும் அதனைப் பங்கிடும் சிக்கலும் வந்தது. அதற்கென எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இணைந்து 1990களின் இறுதியில் ஆர்வரி நாடாளுமன்றம் என்னும் ஆற்றவையை அமைத்தன. மிகுதியாக நீர் உறிஞ்சும் பயிர்களைத் தவிர்ப்பதென அவர்களே விதி செய்துகொண்டனர். நீரை மீட்பது முதற்படி; மீண்ட நீரை முறைசெய்து காப்பது அதனினும் கடினமான இரண்டாம் படி.

செய்யத்தக்கன

இவற்றிலிருந்து பொன்மலைப் பகுதி மேற்கொள்ளத்தக்கவை நான்கு. முதலாவது, தெருவின் நீர்வழியை அறிதல். தம் வீட்டுக் கழிவுநீர் எங்குச் சென்று விழுகின்றது எனும் வினாவுக்குப் பள்ளி மாணவரும் விடை கூறும் நிலை வரவேண்டும். அதனை ஒரு வரைபடமாக்கித் தெருமுனையில் எழுதி வைத்தல் எந்தச் சங்கத்தாலும் இயலும்.

இரண்டாவது, கரையைப் பகுத்துக்கொள்ளுதல். பாலத்திற்குப் பாலம் என வாய்க்காலைப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு குடியிருப்போர் சங்கமோ பள்ளியோ தொழிற்சங்கமோ மாதந்தோறும் நடந்து பார்த்துக் குறிப்பெழுதுதல். புதிய அடைப்பும் புதிய ஆக்கிரமிப்பும் முதல் மாதத்திலேயே கண்ணில் பட்டால் அகற்றுதல் எளிது. பத்தாண்டு கழித்து அகற்றுதல் ஏழைகளின் குடிசைகளை மட்டும் இடிப்பதாகவே முடியும்.

மூன்றாவது, கணக்கு. தூர்வாரச் செலவான தொகையும் அள்ளிய மண்ணின் அளவும் அம்மண் சென்ற இடமும் ஆண்டுக்கொரு முறை பொதுவில் படிக்கப்படுதல் வேண்டும். அதற்கு ஆடிப்பெருக்கினும் தக்க நாள் இல்லை. பதினெட்டாம் பெருக்கன்று காவிரிக்கு மஞ்சளும் காதோலையும் இடும் மக்கள், அவளுக்கு ஓராண்டில் என்ன செய்தோம் என்ற கணக்கையும் அன்றே அவள் முன் வைத்தால், அவ்வழிபாடு நிறைவெய்தும்.

நான்காவது, அவையில் இடம். பண்டை வாரியம் செய்த பிழையை இனி அமையும் நீரவை செய்தலாகாது. வாய்க்காலின் அடைப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளர் அறிந்த அளவு அதன் நோயை வேறெவரும் அறியார். கழிவுக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கின்றது. அச்சட்டத்தைக் காத்தல் நீர்காப்பின் ஒரு பகுதியே ஆகும். குடத்தோடு காத்திருக்கும் பெண்களும், நாற்றங்காலில் நிற்கும் பெண்களும், தூய்மைப் பணியாளரும் அவ்வவையின் முதல் வரிசையில் அமர வேண்டியவர்கள். கூட்டுழைப்பு என்ற பெயரால் ஒருவர் உழைக்க மற்றவர் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுதல் பழைய குறையைப் புதிய ஆடையில் கொணர்தலேயாம்.

இலக்கிய வட்டங்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. நீர் பற்றிய சொற்கள் மறைந்துவருகின்றன. கலிங்கு, தூம்பு, குமிழி, மடை, வரத்துக்கால் என்பவை அகராதியில் மட்டும் வாழும் நிலை நெருங்குகின்றது. பெயர் மறந்த பொருளைக் காப்பது கடினம். சாக்கடை என்று அழைக்கப்படும் வரையில் உய்யக்கொண்டான் சாக்கடையாகவே நடத்தப்படும். அதனை அதன் பெயரால் அழைத்து, அதன் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, அதன் கரையில் ஒரு கூட்டம் நடத்துதல் இலக்கியத்தார் செய்யத்தக்க குடிமராமத்து.

பத்தாண்டு நிறைந்த அமைப்பு பதினோராம் ஆண்டில் எதனைத் தொடங்குவது என எண்ணும் வேளை இது. பேட்டைவாய்த்தலையில் புறப்படும் நீர் வாழவந்தான்கோட்டை வரை நீராகவே சென்று சேர்தல் வேண்டும். நடுவே உள்ள ஊரினர் அதற்குத் துணை நிற்பாராக.